ஆறு மணி முதல் ஏழு மணி வரை, இலஞ்சியில்

எங்கள் வீட்டில் இரண்டு பேர் தினமும் தங்கள் இருப்பிடத்தைச் சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போவோம். நான் முருகனிடம் சொல்வேன். என் மகன் நிரோஜன் ஃபோனில் ஒரு செயலியில் சொல்வான்.

அவன் சுவிஸில் ஒரு கழகத்துக்காகச் சம்பளத்துக்கு உதைபந்து ஆடுகிறவன். வயது இருபத்தொன்று. முன்வரிசையில் நின்று கோல் அடிக்கிற வேலை. அந்த மாதிரிப் பிள்ளைகளில் சிலரை ஊக்கமருந்து சோதிக்கிறவர்கள் ஒரு பட்டியலில் வைத்திருக்கிறார்கள். நாளைக்கு எந்த ஊரில், எந்த வீட்டில் இருப்பாய், எந்த ஒரு மணி நேரம் அங்கே கட்டாயம் இருப்பாய் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அவர்கள் வருவதைச் சொல்ல மாட்டார்கள். வந்த நேரம் ஆள் இல்லை என்றால் அது ஒரு தவறு. பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தவறு சேர்ந்தால் இரண்டு வருடம் வரைக்கும் விளையாடத் தடை.

நாங்கள் இந்தியாவுக்குப் புறப்படும்போது அவனுக்கு இரண்டு ஆகியிருந்தது. முதலாவது, முழங்கால் ஆபரேஷன் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தவன் தன் அறை விலாசத்தை மாற்ற மறந்தது. இரண்டாவது என்னால். பக்கத்து நகரத்துக் கோயில் தேருக்கு விடிய வெள்ளென வா, வா என்று இழுத்துக்கொண்டு போனேன். தேர் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கதவில் ஒரு கடிதம் செருகியிருந்தது.

திரும்பி வந்தபின், சுவிஸில் எங்கள் கோயில் ஆண்டு மலருக்குப் பயணத்தைப் பற்றி எழுதித் தாருங்கோ என்று ஐயர் கேட்டபோது முதலில் மறுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் இருபத்தாறு வருடமாகப் பாத்திரம் கழுவுகிறேன். ஆனால் இலஞ்சியில் நான் செய்ததை யாரிடமாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நிரோஜன் ஆறு வயதில் பந்தைத் தொட்டான். சனிக்கிழமை தோறும் மழையோ பனியோ நான் மைதான ஓரத்தில் புட்டுப் பெட்டியோடு நிற்பேன். பக்கத்தில் யார் நின்றாலும் எனக்குத் தெரிந்த டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், "அந்த ஒன்பதாம் நம்பர் என்ர மகன்" என்று சொல்லிவிடுவேன். அவனுக்கு அது பெரிய வெட்கம். பத்தொன்பது வயதில் முதல் அணிக்குள் எடுத்தார்கள். அரை வருடத்தில் நாலு கோல். பிறகு ஒரு ஆட்டத்தில், யாரும் இடிக்காமல், தானே திரும்பும்போது முழங்கால் நாண் அறுந்தது. ஒன்பது மாதம் பந்தைத் தொடவில்லை. ஒப்பந்தம் வருகிற கோடையோடு முடிகிறது. ஜனவரிப் பயிற்சி முகாமில் ஓடிக் காட்டினால்தான் அடுத்த ஒப்பந்தம்.

அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது என் மனைவியின் தமக்கை தவமணி அக்கா தென்காசிக்குப் பக்கத்து இலஞ்சிக் குமாரர் கோயில் முருகனின் திருநீற்றைத் தபாலில் அனுப்பியிருந்தா. அக்கா தொண்ணூறாம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இலஞ்சியில் தேங்காய் வியாபாரம் செய்கிற சுடலைமுத்து அண்ணாச்சியைக் கல்யாணம் செய்து அங்கேயே தங்கிவிட்டவ. அந்தத் திருநீற்றைப் பூசிய கையோடு மனைவி வேண்டிக்கொண்டாள்: பிள்ளை எழும்பி நடந்தால் இலஞ்சியில் பால்குடம் எடுப்பான். வேண்டியவளுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகனும் போனோம்.

தென்காசியில் இறங்கியபோது காலை. ஓட்டோக்காரத் தம்பி எங்களைப் பார்த்ததுமே, "சேட்டா, குற்றாலமா? ஐயப்ப சீசன்லா, கூட்டம் தள்ளுது" என்றான்.

"நாங்கள் தமிழ்தான் தம்பி. இலஞ்சிக்குப் போக வேணும்."

"தமிழா? பேச்சு மலையாளம் மாதிரில்லா இருக்கு." பாதி வழியில் திரும்பிப் பார்த்து, "பேசுங்க, பேசுங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றான். எங்கள் பேச்சில் கிறங்கியிருந்தவன் ஒரு வேகத்தடையைக் கவனிக்கவில்லை. பெட்டி ஒன்று பின்னால் தெருவில் விழுந்து திறந்துகொண்டது. சாக்லேட் எல்லாம் தார் ரோட்டில். பக்கத்துப் பூக்கடைப் பெண் ஓடி வந்து பொறுக்கித் தந்தா. ஒன்று கூட எடுத்துக்கொள்ளவில்லை. "வெளிநாட்டு முட்டாயி, எனக்கெதுக்கு" என்று சிரித்தா. நான் வற்புறுத்தி ஒரு பிடி கொடுத்தேன்.

காசி விசுவநாதரைக் கும்பிடாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கோபுர வாசலில் ஒரு காற்று அடிக்கிறது. உள்ளே நுழைகிறவனை முதலில் வெளியே தள்ளுகிற மாதிரி நெஞ்சில் அடிக்கும். சில அடி போனபின் அதுவே முதுகில் கைவைத்து உள்ளே அனுப்புகிற மாதிரி இருக்கும். நான் கண் மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். மகன் கைக்குட்டையை எடுத்துப் பிடித்து, முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி போய்ப் பார்த்தான்.

"அப்பா, இதுக்குள்ளே ஒரு ஃப்ரீ கிக் அடித்தால் பந்து நடுவில் திரும்பும்" என்றான். அவன் என்னோடு டொச்சில்தான் கதைப்பான். இங்கே நான் தமிழில் எழுதுகிறேன். கோயிலுக்குள் பந்தா என்று சொல்ல வாயெடுத்தேன். ஒன்பது மாதத்தில் அவன் பந்தைப் பற்றித் தானாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை.

இலஞ்சி வீட்டில் இறங்கியதும் அக்கா, "என்ன சமைக்கட்டும்?" என்று கேட்டா. களைப்பில், "ஒண்டும் பெரிசா வேண்டாம். கொஞ்சம் சொதி போதும்" என்றேன். எங்கள் யாழ்ப்பாணத்தில் சொதி என்றால் தேங்காய்ப் பாலில் மிளகாயும் வெங்காயமும் போட்டுத் தேசிக்காய் என்கிற எலுமிச்சை விட்ட தண்ணிக் குழம்பு. பத்து நிமிடத்து வேலை. இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டா. முருங்கைக்காய், காரட், உருளைக்கிழங்கு, பாசிப்பருப்பு என்று பாத்திரம் நிறையக் கெட்டியாக ஒன்று, பக்கத்தில் இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல்.

"இங்கன சொதின்னா, கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுற சாப்பாடு இது" என்றார் அண்ணாச்சி, இலைக்கு முன் உட்கார்ந்துகொண்டே. "கொஞ்சம் சொதி போதும்னா என்ன சகலை அர்த்தம்? ரொம்பச் சின்ன ஆசைதான் ஒமக்கு."

மகன் மூன்று தடவை சோறு வாங்கினான். சாப்பிடும் முன் அக்காவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டான், இதில் என்ன, அதில் என்ன என்று. அது அவனுடைய பழக்கம். தெரியாத மூலிகை, தெரியாத பொடி ஒன்றும் வாயில் போக முடியாது. சாப்பிட்டு முடிய ஃபோனில் மறுநாளுக்கு எழுதினான்: இலஞ்சி, இந்தத் தெரு, இந்த வீட்டு எண், காலை ஆறிலிருந்து ஏழு. சுவிஸ் நம்பர் இங்கே எடுபடவில்லை. அண்ணாச்சி வாங்கிக் கொடுத்த உள்ளூர் சிம்தான்.

"இவ்வளவு தூரத்துக்கு யாரடா வரப்போகினம்" என்று சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் குற்றாலம். மழைக்காலம் முடிகிற சமயம், அருவியில் நல்ல தண்ணீர். கறுப்பு வேட்டி கட்டின ஐயப்பமார் வரிசை வரிசையாக. சுவிஸில் அருவிகள் ஏராளம். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புவோம். இங்கே ஆட்கள் அருவிக்குள்ளேயே போய் நிற்கிறார்கள். தலையில் விழுகிற தண்ணீருக்குக் கீழே நின்று சாமி பெயர் சொல்கிறார்கள். பக்கத்தில் நிற்கிறவனை யாரென்று தெரியாமலே கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். மகன் வெகு நேரம் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வழுக்குமோ என்ற பயம். முழங்காலில் வெட்டுத் தழும்பைப் பார்த்த ஒரு ஐயப்ப பக்தர், "சாமி, கையைக் குடுங்க" என்று கூட்டிப் போனார். நான் கரையில் நின்று முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அருவிக்குள் போனவன் வரவே மனமில்லாமல் வந்தான். பல்லுக் கிடுகிடுக்கச் சிரித்தான்.

எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர் விடவில்லை. "தம்பி, மூலிகை எண்ணெய். காலு இரும்பாயிரும்." மகன் கும்பிட்டு வேண்டாம் என்றான். "எண்ணெய் தேய்க்காம அருவியில குளிச்சா பாதிப் பலன்தான்" என்று அவர் என்னிடம் முறைப்பட்டார்.

திரும்பும்போது வரிசை நின்ற பஸ்ஸில் ஏறினோம். வரிசை நின்றால் சரியான பஸ் என்பது நான் சுவிஸில் படித்த பாடம். அது செங்கோட்டை பஸ். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்கும் முன்னே, "இலஞ்சியா? அது பின்னால போச்சே" என்றார். செங்கோட்டையில் இறங்கி, பழம்பொரி தின்று, தேநீரும் குடித்துவிட்டு வந்தோம். மகன் மணிக்கூட்டைப் பார்த்து, "நல்ல காலம் இது காலை இல்லை" என்றான்.

தெருமுனையில் காஜா பாய் என்பவரின் டீக்கடை. கத்தாரில் பதினாலு வருடம் இருந்து வந்தவர். மகனைக் கண்டதும் நடையைப் பார்த்தே, "தம்பி, ஃபுட்பால் ஆடுறவரா?" என்று கேட்டார். பெயரைக் கேட்டு ஃபோனில் தேடினார். அன்று பின்னேரம் தெரு முழுக்க நிரோஜனின் நாலு கோலையும் பார்த்துவிட்டது. எதிர்வீட்டுப் பேச்சியம்மா நாலாவது கோலை மூன்று தடவை போடச் சொன்னாவாம். "பின்னால ஒருத்தன் கெடக்கான் பாரு, அவனுக்கு அடிபட்டுருச்சா?" என்பதுதான் அவவின் கவலை.

மூன்றாம் நாள் விடிந்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் முறிவெண்ணெய் கொண்டு வந்தார். ஒருவர் வேர்க் கஷாயம். கீழப்பாவூரிலிருந்து அண்ணாச்சியின் கூட்டாளி ஒருவர், நரசிம்மர் கோயில் குங்குமத்தோடு ஒரு போத்தல் அரிஷ்டமும் கொண்டு வந்தார். எல்லாம் அன்பு. ஒருவரும் ஒரு சதம் காசு கேட்கவில்லை. பேச்சியம்மா தானே கிண்டின லேகியத்தைக் கிண்ணத்தில் கொண்டு வந்து, அவன் தின்கிற வரைக்கும் போக மாட்டேன் என்று கதவடியில் உட்கார்ந்துவிட்டா.

"எனக்கு ஏலாது" என்றான் மகன்.

"ஏலாதா? ஏம்லே ஏலாது? நல்லாத்தானே இருக்க. வாயைத் தொற."

"மன்னிக்க வேணும். ஏலாது."

"வெசத்தையா கொண்டாந்தேன்?" அவ கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டா. போகும்போது முகம் வாடியிருந்தது.

எனக்குப் பெரிய சங்கடம். ஊக்கமருந்து, சோதனை என்று சொன்னால், "பையன் ஏதோ மருந்து போட்டு மாட்டிக்கிட்டானாம்" என்றுதான் தெருவில் போகும் என்று எனக்குப் பயம். அக்காவிடம் யோசனை கேட்டேன். அக்காவுக்குக் கோபமோ குழப்பமோ வந்தால் பழைய யாழ்ப்பாணப் பேச்சு திரும்பிவிடும். "பால்குடம் முடியும் வரைக்கும் பிள்ளை இஞ்ச இல்லை எண்டு சொல்லுவம். திருவனந்தபுரம் போயிட்டான் எண்டு. ஒருத்தருக்கும் மனம் நோகாது" என்றா. அண்ணாச்சி வெளியே போய், பையனுக்கு ஓய்வு வேணும், யார் வந்து கேட்டாலும் இப்படிச் சொல்லுங்க என்று தெருவுக்குச் சொன்னார். காஜா பாய் நெஞ்சில் கைவைத்தார். கோபித்துக்கொண்டு போன பேச்சியம்மாவே, "எம் பிள்ளைன்னா சொல்ல மாட்டேனா" என்றாவாம். மகனிடம் நான், ஆட்களிடம் ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவன் மொட்டைமாடி அறையில் இருந்தான். இரண்டு காதையும் மூடுகிற ஹெட்போனைப் போட்டுக்கொண்டு முழங்கால் பயிற்சி செய்தான்.

அன்றைக்கு நான் நிம்மதியாக இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நாலாம் நாள். மார்கழி விடியல், தென்னந்தோப்புப் பக்கமிருந்து ஈரக் காற்று. ஐந்து மணிக்கே குளித்துக் குமாரர் கோயிலுக்குப் போனேன். ஒலிபெருக்கியில் பாட்டு. மூன்று பெண்கள் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் கிருத்திகை. பால்குடத்துக்கு எல்லாம் சரி என்று குருக்களிடம் கேட்டுக்கொண்டு, ஆறு மணி தாண்டிக் காஜா பாய் கடைக்கு வந்தேன்.

நான் கிளாஸை வாங்கி ஊதும்போது ஒரு கார் வந்து நின்றது. கட்டம் போட்ட சட்டையை உள்ளே விட்ட ஒரு சின்ன மனிதர் இறங்கினார். நெற்றியில் சந்தனக் கீற்று. தோளில் நீல நிறத்தில் கெட்டியான சதுரப் பை.

"இங்க நிரோஜன்னு ஒரு தம்பி வந்திருக்காராமே. ஸ்விட்சர்லாந்துல இருந்து. அவரைப் பாக்கணும்."

காஜா பாய் பாலை ஆற்றிக்கொண்டே, "அவரு திருவனந்தபுரம்லா போயிட்டாரு" என்றார்.

"திருவனந்தபுரமா? நான் அங்க இருந்துதான் வாறேன். ரெண்டரைக்குப் பொறப்பட்டு மலை எறங்கி வந்திருக்கேன்."

"அப்ப எதிரும் புதிருமா போயிருப்பீய."

அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தீங்களா ஐயா?"

பையைப் பார்த்தேன். எண்ணெய்ப் போத்தல் வைத்திருக்கிறார், தூரத்து வைத்தியராக்கும் என்று நினைத்தேன். "ஓம், நேற்றே போயிட்டார்" என்றேன்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"ஒண்டுமில்லை" என்றேன். "நான் தெருவில இருக்கிறவன்."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறித் தெருவுக்குள்ளே போனார். காஜா பாய் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நானும் சிரித்தேன். நெற்றியில் கோயில் திருநீறு ஈரம் காயவில்லை.

அங்கிருந்து பால்காரர் வீட்டுக்குப் போய், மறுநாளுக்கு எவ்வளவு பால் என்று சொல்லிவிட்டு, அவர் மாட்டுக் கன்றைப் பற்றிச் சொன்ன கதையையும் கேட்டுவிட்டுத் திரும்பினேன். எங்கள் வீட்டுக்கு எதிரே, சாக்கடைப் பாலத்தின் கட்டையில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தாள். வாசலில் அண்ணாச்சி வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டு, காவல்காரர் மாதிரி நின்றார். பேச்சியம்மா வாசல் பெருக்குகிற சாக்கில் ஒரே இடத்தை எத்தனையோ தடவை பெருக்கினா.

பாவம், இவ்வளவு தூரம் வந்த மனிதர். எனக்கு இரக்கமும் ஆர்வமும். பக்கத்தில் போய், "நீங்கள் என்ன விக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் விக்கலை ஐயா."

"அப்ப ஏன் இருக்கிறீங்கள்? பிள்ளைதான் இல்லை எண்டு சொன்னமே."

"இருக்கணும். குறிச்ச நேரம் முடியுற வரைக்கும் இந்த எடத்துல நான் இருந்தாகணும். ஏழு மணியானா எழுதிட்டுப் போயிருவேன்."

ஏழு மணி என்றதும்தான், இவர் மகனைச் சோதிக்க வந்தவர் என்று எனக்கு விளங்கியது. சுவிஸில் சோதிக்க வருகிறவர்கள் வெள்ளைக்காரர்கள். கழுத்தில் அட்டை தொங்கும், பெட்டியில் எழுத்து இருக்கும். கடல் தாண்டி இலஞ்சிக்கு ஒருவர் வந்தால், சந்தனக் கீற்றோடு, எங்களைப் போன்ற முகத்தோடுதான் வருவார் என்று எனக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. தாளில் இரண்டு வரி எழுதியாகிவிட்டது. அவர் மணிக்கூட்டில் ஆறு நாற்பத்தொன்பது.

"ஐயா, நான் பொய் சொன்னனான்" என்றேன். "அவன் என்ர மகன். மேல இருக்கிறான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க தெருக்காரர்னு சொன்னீங்க."

"அதுவும் பொய்."

பேச்சியம்மா விளக்குமாறோடு ஓடி வந்தா. "ஐயா, அவர் பேச்சைக் கேக்காதீங்க. வெளியூர்க்காரரு, என்னத்தையோ உளறுதாரு. பையன் இங்கன இல்லவே இல்ல."

"மதினி, இருக்கிறான்" என்றேன்.

"இல்ல, நான்லா சொல்லுதேன். காருல ஏறினதை என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

அண்ணாச்சி வாய் நுரையைத் துப்பிவிட்டு என் காதில், "கெட்டியா நில்லும் சகலை. கொஞ்ச நேரத்துல போயிருவான்" என்றார்.

வந்தவர் பேனாவை மூடினார். "எதைத்தான் நம்புறது? முப்பது வருசத்துல இப்படி ஒரு தெருவை நான் பாத்ததில்லை."

அவர்களுக்கு விளக்க நேரம் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். வெளிப்பக்கத்து மாடிப்படி முப்பத்திரண்டு. ஏறும்போது நான் முருகனைக் கூப்பிடவில்லை. மகன் பேரைத்தான் கூப்பிட்டேன். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு காலில் நின்று உடம்பைத் தாழ்த்தி எழும்பிக்கொண்டிருந்தான். ஹெட்போனைப் பிடித்து இழுத்தேன். மூச்சு வாங்கியதில் சொல் வரவில்லை. தெருப் பக்கம் கையைக் காட்டினேன். அவன் எட்டிப் பார்த்தான். நீலப் பையைக் கண்டான். வெறுங்காலோடு, கடவுச்சீட்டைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். புது முழங்கால் என்பதையே மறந்து இரண்டு இரண்டு படியாக இறங்கினான்.

அந்த மனிதர் அட்டையைக் காட்டி, கடவுச்சீட்டைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, மணிக்கூட்டைப் பார்த்து எழுதினார். ஆறு ஐம்பத்து மூன்று.

அதற்குப் பிறகும் லேசில் முடியவில்லை. மகன் ஆறு மணிக்குத்தான் கழிப்பறைக்குப் போய் வந்திருந்தான். சிறுநீர் வர ஒன்றரை மணி நேரம். அது வரைக்கும் அவனை விட்டு அவர் கண்ணை எடுக்கக் கூடாது. கூடத்தில் இரண்டு பேரும் எதிர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் கொண்டு வந்த மூடி திறக்காத தண்ணீர்ப் போத்தல் மட்டும்தான் அவன் குடித்தான். அக்கா காப்பி கொண்டு வந்து நின்றா. வந்தவர் தனக்கும் வேண்டாம் என்றார். வாசலில் தெருவே நின்றது.

நான் அப்போதுதான் எல்லாருக்கும் சொன்னேன். பட்டியல், ஒரு மணி நேரம், இரண்டு தவறு, தெரியாத மருந்து ஒரு சொட்டு உள்ளே போனாலும் வருகிற ஆபத்து, எல்லாம். ஒருவரும் "மாட்டிக்கிட்டானாம்" என்று சொல்லவில்லை. பேச்சியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"இதுக்காவா நேத்து லேகியம் வேண்டாம்னான்?"

"ஓம் மதினி."

"அதைச் சொல்லித் தொலச்சிருக்கலாம்லா. நான் அவன் வேலைக்கே வேட்டு வச்சிருப்பேன்லா, கிண்ணத்துல கொண்டாந்து." கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்து, "ஏலே, தண்ணி நல்லாக் குடிலே" என்றா.

எல்லாம் முடிந்து போத்தல்களை மூடி முத்திரை வைத்தபின், வந்தவர் தாளை மகனிடம் கையெழுத்துக்குக் கொடுத்தார். குறிப்பு என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் ஏழெட்டு வரி. அவர் மகனிடம் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்டது. "டீக்கடையில நீங்க இல்லைன்னு சொன்னது உங்க அப்பாதான். எழுதாம இருக்க முடியாது தம்பி." மகன் வாசித்தான். என்னைப் பார்த்தான். கையெழுத்துப் போட்டான்.

பகல் முழுக்க அவன் என்னோடு கதைக்கவில்லை. நான் சாப்பிடவில்லை. பின்னேரம் அவனே மொட்டைமாடிக்கு வரச் சொன்னான். மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்தது.

"அப்பா, பதினைந்து வருடம் மைதான ஓரத்தில் நின்றாய்" என்றான். "நான் கோல் அடிக்காத நாளிலும், நான் விழுந்து எல்லாரும் சிரித்த நாளிலும், பக்கத்தில் நின்றவனிடம் அது என் மகன் என்று சொன்னாய். வேண்டாம் என்று கெஞ்சினாலும் சொன்னாய். இங்கே ஒருவர் கேட்கிறார், நீ எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறாய்."

"பிழை விட்டிட்டன்" என்றேன். "சோதினைக்காரருக்கு இல்லை. உனக்குத்தான்."

அவன் ஃபோனை எடுத்து அந்தத் தாளின் படத்தைக் காட்டினான். "கடைசி வரி என்ன தெரியுமா? ஆட்டக்காரரின் தகப்பன் பிறகு தன் சொல்லைத் தானே திருத்திக்கொண்டு, ஓடிப் போய் அழைத்து வந்தார். ஓடி என்று எழுதியிருக்கிறார். நீ ஓடி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை." சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

பிறகு மறுநாளுக்கான இடத்தை எழுத வேண்டிய பக்கத்தைத் திறந்து என் கையில் தந்தான். "நீ எழுது."

"நாளைக்கு ஆறு மணிக்குக் கோயிலிலல்லோ நிப்பம். நேரத்தை மாத்தி, வீடு எண்டு போடட்டோ?"

"வேண்டாம். நான் எங்கே இருப்பேனோ அதைப் போடு."

ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினேன். இலஞ்சி. குமாரர் கோயில். கொடிமரத்தடி. ஆறிலிருந்து ஏழு. இத்தனை வருடம் நான் முருகனிடம் சொன்னதை முதல் தடவையாக மகனின் செயலிக்கும் சொன்னேன்.

ஐந்தாம் நாள் கிருத்திகை. மஞ்சள் வேட்டி கட்டி, தலையில் பால்குடத்தோடு மகன் நடந்தான். ஆறடிப் பிள்ளை, வெறுங்கால், முழங்காலில் தழும்பு. தெருவே பின்னால் வந்தது. பேச்சியம்மா அவன் முன்னால் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனா. ஆறு மணிக்கு முன்பே அவன் கோயிலுக்குள் போய்விட்டான். பிறகு வாசல் பக்கமாக ஐயப்பமார் வேன் ஒன்று வேகம் குறைத்தது. டிரைவர் தலையை நீட்டி, "அண்ணே, குற்றாலத்துக்கு..." என்று தொடங்கும் முன்னே காஜா பாய் அவரிடம், "நிரோஜனா? இருக்காரு, இங்கனதான் இருக்காரு. கோயில்ல, கொடிமரத்துக்கிட்ட. ஏழு மணி வரைக்கும் எங்கயும் போவ மாட்டாரு" என்றார். டிரைவர் விழித்தார். அண்ணாச்சியும் தன் பங்குக்கு, "நானும் பாத்தேன், இருக்கான்" என்றார். அவர்களாக வழி சொல்லும் வரைக்கும் வேன் நின்றது.

பால் அபிஷேகம் நடந்துகொண்டிருந்தபோது நான் கொடிமரத்தடியில் நின்றேன். வேனிலிருந்து இறங்கி வந்த ஒரு ஐயப்ப பக்தர் என் பக்கத்தில் கும்பிட்டு நின்றார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு சாமி அந்தத் தம்பி? இவ்வளவு உசரமா?" என்று கேட்டார்.

"அது என்ர மகன்" என்றேன்.